கொல்லைப்புறத்துப் பம்ப்

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘கோழி பிடிக்கிறது’. காலை ஆறரைக்கு ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை. நாலு வயதுப் பிள்ளையைப் பெரிய துண்டில் சுருட்டி மடியில் இடுக்கிக்கொள்வது நான். தலை ஆடாமல் பிடிப்பது வீட்டுக்காரர். முகமூடியை மூக்கும் வாயும் மறைய அமுக்கிப் பம்ப்பைத் தட்டுவது, யாருக்குக் கை மிச்சமிருக்கிறதோ அவர். பிள்ளை கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலியோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். முடிந்ததும் மூன்று பேருக்கும் மூச்சு வாங்கும். புதிதாக ஓர் ஆள் உள்ளே வந்தால் ஆஸ்துமா எங்களில் யாருக்கு என்று கண்டுபிடித்திருக்க முடியாது.

மூன்று மாதம் இப்படிப் பிடித்தோம். அந்த மூன்று மாதத்திலும் இரண்டு தடவை நடுராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு ‘கேஸ் பிடிக்க’ ஓடினோம். நெபுலைசருக்கு மலேசியாவில் எங்கள் பக்கம் அந்தப் பெயர்தான். வெளியூர் ஆட்கள் கேட்டால் ஏதோ சமையல் கேஸ் வாங்கப் போகிறோம் என்று நினைப்பார்கள்.

எனக்குப் புரியவே இல்லை. தினமும் போட வேண்டிய ஆரஞ்சுப் பம்ப்பைத் தவறாமல் போடுகிறோம், பிறகு ஏன் இழுக்கிறது? அடுத்த முறை அரசாங்க கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், “வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே இங்க போட்டுக் காட்டுங்க” என்றார். காட்டினோம். துண்டு இல்லாததால் வீட்டுக்காரரின் ஜாக்கெட். கிளினிக் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மிஸ்ஸி பொறுமையாக முழுவதையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அழுதுகிட்டே போட்டா உள்ள போகாதும்மா. மூணு மாசமா தொண்டைக்கும் கன்னத்துக்கும் மருந்து போட்டிருக்கீங்க.”

விஷயம் இதுதான். அழும் பிள்ளை நீளமாக மூச்சை வெளியே விடுகிறது, இடையிடையே வெடுக்கென்று உள்ளே இழுக்கிறது. அந்த வேகத்தில் மருந்துத் துளிகள் தொண்டையில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பிள்ளை அதை எச்சிலோடு விழுங்கிவிடும். நுரையீரலுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போகிறது. போதாததற்குத் தலையை ஆட்டும்போது முகமூடி ஓரத்தில் இடைவெளி விழுந்துவிட்டால் பாதி மருந்து காற்றோடு போயிற்று. அழுகிற குழந்தைகளின் உடம்பில் மருந்து சேர்வது வெகுவாகக் குறைகிறது என்று 1999-லேயே அளந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். நான்தான் கத்துகிற பிள்ளை ‘நல்லா ஆழமா இழுக்குது’ என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தூங்கும்போது போட்டுவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. செய்தும் பார்த்தேன். முகமூடி பட்டதும் விழித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தூங்கவே பயந்தாள். அதோடு விட்டேன்.

சரி, பிடிக்கக் கூடாது. வேறு என்ன வழி? லஞ்சம். முதல் வாரம் ஒரு பம்ப்புக்கு ஒரு மிட்டாய். இரண்டாம் வாரம் கிண்டர் ஜோய் முட்டை. மூன்றாம் வாரம் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் ஒரு பொம்மையைக் கைகாட்டி, “இது வாங்கிக் குடு, ரெண்டு பம்ப் போடுறேன்” என்றாள். தொழிற்சங்கத் தலைவர் மாதிரி. நான் வேலை பார்க்கும் கூலிம் தொழிற்சாலையில்கூட வருஷத்துக்கு ஒரு தடவைதான் சம்பள உயர்வு. இங்கே வாரா வாரம். லஞ்சத்தை நிறுத்திவிட்டு மிரட்டலுக்குப் போனோம்: “போடலன்னா மிஸ்ஸி ஊசி போடுவாங்க.” அதன் பிறகு கிளினிக் வாசலைப் பார்த்தாலே கார் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். உதவி செய்ய வந்த ஒரே மனுஷியையும் பேயாக்கி வைத்தோம்.

இதில் அவள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டில் இரண்டு பம்ப். நீலம், இழுக்கிறபோது போடுவது, சல்பூட்டமால். சில நிமிஷத்தில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தி விடும். போட்டதும் நெஞ்சு லேசாவது பிள்ளைக்கே தெரியும். அதனால் நீலத்துக்கு அவள் அவ்வளவாகச் சண்டை போட்டதில்லை. ஆரஞ்சு அப்படியில்லை. அது குழாயின் உள்பக்க வீக்கத்தை நாள் கணக்கில், வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வற்ற வைக்கிற ஸ்டீராய்டு. போட்டால் ஒன்றும் தெரியாது. போடாவிட்டாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நன்றாக ஓடி விளையாடுகிற நாளில் போட வேண்டிய மருந்து அது. “எனக்கு இப்ப இழுக்கலியே, அம்மா” என்கிறாள். நாலு வயதில் அதைவிடச் சரியான வாதம் என்ன இருக்கிறது? பெரியவர்கள் எத்தனை பேர் பிரஷர் மாத்திரையை இதே வாதத்தில் நிறுத்தியிருக்கிறோம்.

வேறு வழியில்லாமல் மறுபடி துண்டுக்கே திரும்பியிருந்தபோதுதான் ஆரஞ்சுப் பம்ப் காணாமல் போனது. வீடு முழுக்கத் தேடினோம். மறுநாள் துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால், பழைய மைலோ டின்னுக்குள் இருந்தது. பிள்ளையைக் கூப்பிட்டு, கோபப்படாமல் (கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன்), ஏன் இங்கே வைத்தாய் என்று கேட்டேன்.

“தாத்தாவும் இங்கதான் வைப்பாங்க.”

டின்னில் இன்னொன்றும் இருந்தது. அப்பாவின் நீலப் பம்ப்.

அப்பா பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், பால்மரம் வெட்டி, பிறகு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் புகைவீட்டில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவர். விறகுப் புகை நாள் கணக்கில் மூட்டமாக நிற்கும் இடம். சின்ன வயதிலிருந்தே அவருக்கு இழுப்பு உண்டு. புகைவீடு அதைக் குறைத்திருக்காது. இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். ஆனால் அவர் பம்ப் போட்டு நான் பார்த்ததே இல்லை. வீட்டில் மூச்சு வாங்கினால் எழுந்து கொல்லைப்புறம் போவார். சிகரெட் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஒரு நடை. திரும்பி வந்து செய்தி பார்ப்பார். முப்பது வருஷமாக இதைப் பார்த்தும் எனக்கு உறைக்காத ஒன்று, அவர் பின்னாலேயே வாலாட்டிக்கொண்டு திரிந்த பேத்திக்கு ஒரே மாதத்தில் உறைத்திருக்கிறது: பம்ப் என்றால் ஒளிந்துகொண்டு போட வேண்டியது. நாங்களோ அதை நடுக்கூடத்தில், விளக்கைப் போட்டு, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போடுகிறோம். கத்தாமல் என்ன செய்வாள்?

அன்று ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “லயத்துல இழுப்புக்காரன் வீடுன்னு ஒரு பேரு வந்துட்டா போச்சும்மா. உங்க அத்தைக்கு ரெண்டு இடம் தட்டிப் போனதே அதனாலதான். எங்க அம்மா மருந்து புட்டிய அரிசி டின்னுல ஒளிச்சு வைப்பாங்க” என்றார். டின் பரம்பரைச் சொத்து என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளரான டிரெசர் கொடுக்கும் தண்ணி மருந்தும் மாத்திரையும்தான். முற்றினால் டவுனுக்குத் தூக்கிப்போய் ஊசி. இழுப்பு வந்தால் வைத்தியம், நின்றால் மறந்துவிடுவது. வராமல் இருப்பதற்கு மருந்து என்ற எண்ணமே அவர்கள் வாழ்க்கையில் இல்லை. அது மனசில் பதியாதவரை ஆரஞ்சுப் பம்ப் வீண் செலவாகத்தான் தெரியும். (செலவும் கிடையாது. அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கு ஒரு ரிங்கிட்.)

சொந்தக்காரப் பெரியம்மா ஒருவர் இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்கிறார். “பொம்பளப் புள்ள, தடிக்காவுக்கு எல்லாம் பம்ப் குடுத்து விடாத, நாளைக்குப் பேராயிடும்” என்றார். தடிக்கா என்றால் பாலர் பள்ளி. அடுத்தது, “பம்ப் பழகிட்டா விடவே முடியாது.” பழகுவது மருந்து இல்லை, நோய்தான் விடாமல் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். “ஸ்டீராய்டாமே, வளர மாட்டா” என்பது அவருடைய கடைசி அம்பு. இதை மட்டும் நான் தள்ளிவிடவில்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. டாக்டரிடமே கேட்டேன். வட அமெரிக்காவில் பல வருஷம் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகை மருந்தைச் சிறு வயதில் பல வருஷம் எடுத்தவர்கள் பெரியவர்களானபோது மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைவு என்று வந்திருக்கிறது. ஒரு விரல் அகலம்கூட இல்லை. நடுராத்திரியில் விலா எலும்புக்கிடையில் தோல் உள்ளே குழிந்து போவதைப் பார்த்த அம்மாவுக்கு அந்தக் கணக்கு சுலபம். அளவைக் குறைக்க முடிகிறபோது டாக்டர் குறைத்துக்கொண்டும் வருகிறார்.

நம் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் மாதிரி பெரியம்மா பேசுவதுதான் எனக்குச் சிரிப்பு. உலகம் முழுக்கப் பிள்ளைகளின் ஆஸ்துமாவைக் கணக்கெடுத்த ‘ஐசாக்’ என்ற பெரிய ஆய்வில் மலேசியாவிலிருந்து எடுத்த மூன்று இடங்களில் ஒன்று நம் அலோர்ஸ்டார். மற்றவை கிள்ளான் பள்ளத்தாக்கும் கோத்தாபாருவும். எல்லாச் சாதி, எல்லா இனப் பிள்ளைகளிடமும் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்கும் ‘லெலாஹ்’ இருக்கிறது. அவர் வேலியோரம் எட்டிப் பார்த்தது அதனால்தான் என்று பிற்பாடுதான் தெரிந்தது. நாங்கள் என்னவோ புகார் கொடுக்கப் போகிறார் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தோம்.

காற்றையும் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு இரண்டு போகம் அறுப்பு முடிந்ததும் வடக்கே வயல்களில் வைக்கோல் எரிகிறது. சீனா 2018-இல் கழிவு பிளாஸ்டிக்கை வாங்க மறுத்த பிறகு அதில் ஒரு பகுதி சுங்கைப்பட்டாணிக்கு வந்து, ராத்திரியில் கருகும் வாடையை ஊரே முகர்ந்தது. 2019 செப்டம்பரில் புகைமூட்டம் வந்து பல மாநிலங்களில் பள்ளிகளை மூடினார்கள். அதையெல்லாம் நான் தனியாக நிறுத்த முடியாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்த முடியும். நிறுத்தினேன். கொசுவர்த்தியையும். சாமி கோபித்துக்கொள்ளவில்லை, மாமியார்தான் ஒரு மாதம் கோபித்துக்கொண்டார்.

திரும்ப விஷயத்துக்கு வருகிறேன். டின் கிடைத்த மறுநாள் காலை அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “அப்பா, இனிமே உங்க பம்ப்ப கூடத்துல உட்கார்ந்து போடுறீங்களா? அவ முன்னாடி?” ஒரு பெரிய மனுஷனைப் பொதுவில் சட்டை கழற்றச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. ஆனால் ஆறரைக்கு, நான் துண்டை எடுத்துக்கொண்டு வந்தபோது, கூடத்து நாற்காலியில் பம்ப்போடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அன்றாடம் போட வேண்டிய பம்ப் ஒன்றை டாக்டர் எப்போதோ எழுதிக் கொடுத்திருந்தார். அது பெட்டி பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. அதைத்தான் வைத்திருந்தார்.

பேத்தி தூரத்தில் நின்று பார்த்தாள். அவர் மூடியைக் கழற்றினார், வாயில் வைத்தார், தட்டினார். பாதி மருந்து வெள்ளைப் புகையாக மூக்கு வழியே வெளியே வந்தது.

“தாத்தா, ஆட்டவே இல்ல!” என்று கத்தினாள். பம்ப்பை முதலில் குலுக்க வேண்டும் என்பது மிஸ்ஸி சொன்ன பாடம். எங்கள் மடியில் கதறிக்கொண்டிருந்தவள் அதை மட்டும் காதில் வாங்கியிருக்கிறாள்.

அதிலிருந்து அவள் தாத்தாவுக்கு மிஸ்ஸி ஆகிவிட்டாள். துண்டு துவைக்கப் போனது. இப்போது காலையில் இரண்டு நாற்காலி. டிவியில் உப்பின் இப்பின் கார்ட்டூன் ஓடும், சத்தம் குறைவாக. முதலில் அவள் முறை. அவளே குலுக்குவாள். பம்ப்புக்கும் முகமூடிக்கும் நடுவில் இருக்கிற ஸ்பேசர் குழாய்க்கு அவள் வைத்த பெயர் யானை மூக்கு. அதை அவளே முகத்தில் வைத்துக்கொள்வாள், ஓரம் ஒட்டியிருக்கிறதா என்று நான் ஒரு விரலால் சுற்றிப் பார்ப்பேன். பம்ப்பைத் தட்டுவது தாத்தா. பிறகு சாதாரணமாகப் பத்து மூச்சு. ஒன்று, இரண்டு என்று தாத்தா சத்தமாக எண்ணுவார். எண்ணிக்கை பிள்ளைக்கு எவ்வளவு பெரிய தைரியம் என்று அப்போதுதான் பார்த்தேன். எப்போது முடியும் என்று தெரியாததுதான் பாதிப் பயம். இரண்டாவது தட்டு வேண்டுமென்றால் அரை நிமிஷமாவது விட்டு, மறுபடி குலுக்கி. முடிந்ததும் வாய் கொப்பளித்து முகம் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அந்த மருந்தில் நாக்கில் வெள்ளை படியலாம். பல் தேய்ப்பதற்கு முன்னால் பம்ப் என்று வரிசை வைத்ததால் கொப்பளிப்பதற்குத் தனிச் சண்டை இல்லை. ஸ்பேசரை வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் முக்கி, துணியால் துடைக்காமல் அப்படியே காய வைக்கிறோம். துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பம்ப் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க அப்பா அந்த டப்பாவைத் தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்ப்பவர். அது நம்பகமான சோதனை இல்லை என்று மருந்தகத்தில் சொன்னார்கள். எண்ணிக்கை காட்டாத பம்ப் என்றால் கணக்குத்தான் வழி: 200 தட்டு, நாளைக்கு நாலு என்றால் ஐம்பது நாள். காலண்டரில் அந்தத் தேதியில் பேத்தி ஒரு யானை வரைந்து வைக்கிறாள்.

அடுத்து தாத்தாவின் மூக்கு வழியே போகும் புகை. மிஸ்ஸி ஒரு காலியான 500 மில்லி தண்ணீர் போத்தலைக் காட்டி, அடியில் பம்ப் வாய் இறுக்கமாகப் பொருந்துகிற அளவுக்குத் துளை போட்டு, சுற்றி ஒட்டி, போத்தல் வாயை ஸ்பேசர் மாதிரி பயன்படுத்தலாம் என்று சொல்லிக் கொடுத்தார். ஏழைகளுக்கான ஒப்பேற்று வேலை என்று நினைத்தேன். ஆனால் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் முறையாகச் சோதித்து, மூச்சு முட்டி வந்த பிள்ளைகளுக்குக் கடை ஸ்பேசர் அளவுக்கே இது வேலை செய்கிறது என்று 1999-இல் நிரூபித்திருக்கிறார்களாம். அவள் இன்னும் முகமூடியோடுதான் போடுகிறாள் என்பதால் இது அவளுக்குச் சரிவராது. தாத்தாவுக்குச் சரி. ஒரு மெதுவான நீள மூச்சு இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். இந்தப் பத்தை எண்ணுவது பேத்தியின் வேலை.

எல்லா நாளும் ஒழுங்காக நடக்கிறது என்று எழுதினால் பொய். சளி பிடித்த நாளில் யானை மூக்கு வேண்டாம் என்பாள். அந்த நாளில்தான் அதிகம் தேவை. அப்போது பொம்மைக் கரடிக்கு முதலில் போடுகிறோம், பிறகு எனக்கு (வெறும் முகமூடி), பிறகு அவளுக்கு. சில நாள் பதினைந்து நிமிஷம் ஆகிறது, நான் வேலைக்கு லேட். ஒரு தடவை டாக்டர் மூன்று நாளைக்குக் கொடுத்த பிரெட்னிசோலோன் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தேன், அந்தக் கசப்பைச் சுவரில் துப்பினாள். ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீம் முதலில் கொடுத்து நாக்கை மரக்கவைத்து, பிறகு மருந்து, பிறகு இன்னொரு ஸ்பூன் என்று சமாளித்தோம். தடிக்காவில் கொடுத்த நீலப் பம்ப்பை ஆசிரியை பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியோடு கூட்டத்துக்குப் போன கதையும் உண்டு. இப்போது அது பூட்டாத டிராயரில், மேலே பெரிய எழுத்தில் படிகள் எழுதிய தாளோடு இருக்கிறது. அந்தத் தாளில் கடைசி வரி இது: பேச முடியவில்லை, குடிக்க முடியவில்லை, உதடு நீலம், விலா குழிகிறது, நீலப் பம்ப் போட்டும் நாலு மணி நேரம் தாங்கவில்லை என்றால் எங்களுக்குப் போன் அடிப்பதற்கு முன் ஆஸ்பத்திரி.

படுக்கும்போது அவள் கேட்கிற கதையில் சிங்கம் முயலோடு இப்போது ஒரு சூசியும் உண்டு. 1955-இல் அமெரிக்காவில் பதின்மூன்று வயதுப் பெண். அவளுக்கு இழுப்பு. அந்தக் காலத்து மருந்தை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி இழுக்க வேண்டும். அவள் அப்பா ஜார்ஜ் மெய்சன் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர். “முடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி இத ஒரு டப்பாவுல போட முடியாதாப்பா?” என்ற மாதிரி மகள் கேட்டிருக்கிறாள். அடுத்த வருஷமே, 1956-இல், முதல் பம்ப் கடைக்கு வந்தது. இந்தக் கதையை நான் சொல்லும் தமிழில் சூசி பீடோங்கில் இருக்கிறாள், அவள் அப்பா புகைவீட்டில் வேலை செய்கிறார். அதை அப்பா ஒருநாள் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, “புகைவீட்டுல யாரும்மா நம்ம சொன்னத கேட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன மாதம் சுங்கைப்பட்டாணியில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ஏசி, ஹோமப் புகை, சென்ட், எல்லாம் சேர்ந்து. சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் எழுந்தார், கொல்லைப்புறம் தேடுகிற மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தார். எதிரில் பெரியம்மா. அவர் பக்கத்தில் பையன் வீட்டுச் சொந்தம் ஏழெட்டுப் பேர்.

பேத்தி என் பையிலிருந்து போத்தலை உருவி மேசை மேல் வைத்தாள். “ஆட்டுங்க தாத்தா.”

அப்பா உட்கார்ந்தார். குலுக்கினார். போத்தலை வாயில் வைத்துத் தட்டி, மெதுவாக இழுத்து, அடக்கினார். அவள் மண்டபம் கேட்க எண்ணினாள். ஒன்னு, ரெண்டு, மூனு. ஏழுக்கு வந்தபோது ஐஸ்கிரீம் தட்டு பக்கத்து மேசைக்கு வந்தது. அவள் கண் அங்கே போய்விட்டது. எட்டு வரவில்லை. அப்பா கன்னம் உப்ப, கண் கலங்க, விடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணப் போனேன். கையைக் காட்டி என்னைத் தடுத்தார்.